பின்வாங்கிய பெரும்படை

முட்டாள்தனத்துக்குக் கல்லூரி எதுவும் கிடையாது. இருந்திருந்தால் மேலப்புதுக்குளம் இளைஞர் நற்பணி மன்றத்தார்தான் அதில் வாத்தியார்களாக இருந்திருப்பார்கள். இளைஞர் என்பது பெயர்ப்பலகையில் மட்டும். நாற்பது உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முன்மண்டை பளபளக்கும். நற்பணி ஏதும் செய்ததாகவும் தகவல் இல்லை. ஒன்றாக உட்கார்ந்து செல்போனில் கோட்டைச் சண்டை விளையாடுவார்கள், அவ்வளவுதான்.

அது என்ன சண்டை என்றால், இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர். வாள்வீரன், மந்திரவாதி, வைத்தியன் என்று ஆளுக்கொரு வேஷம். கோட்டை உச்சியில் ஒரு கொடி. எதிரி அதைப் பிடுங்கிவிட்டால் கோட்டை போச்சு. நடுவில் செத்தவன் ஒரு பொத்தானை அமுக்கி மறுபடி எழுந்து வந்து சண்டை போடலாம். நம்ம ஊர்ச் சண்டையில் இல்லாத வசதி.

மன்றத்துக்குத் தலைவர் ஆவுடையப்பன். நாற்பது பேரில் தனக்கு மட்டும்தான் மூளை உண்டு என்பது அவருடைய கணக்கு. அந்தத் தைரியத்தில்தான் ஆனைகுளத்து மைத்துனன் குற்றாலிங்கத்தோடு பந்தயம் கட்டினார். குற்றாலிங்கத்தின் படை ஜெயித்தால், வெள்ளிக்கிழமை அவன் மகள் காதுகுத்துக்கு, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் ஆவுடையப்பன் மீசை இல்லாமல் வந்து நிற்க வேண்டும். சாதாரண மீசையா அது? காதைத் தொட இரண்டு விரற்கடைதான் பாக்கி. நினைக்கும்போதே அவர் அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலில், பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார்.

"ஏலே, நல்லாக் கேட்டுக்கிடுங்க. முதல்ல, டேங்க் முன்னாடி நிக்கணும். ரெண்டாவது, உயிரே போனாலும் ஒருத்தனும் எடத்தை விட்டு நகரக் கூடாது."

டேங்க் என்றால், கேடயத்தைத் தூக்கிக்கொண்டு எல்லார் அடியையும் தானே வாங்கிக்கொள்கிற தடியன். அந்த வேஷம் வீரபாகுவுடையது. வீரபாகு மறுபேச்சுப் பேசாமல் எழுந்தான். மொட்டை மாடிக்குப் போனான். மண்டபத்துத் தண்ணீர் டேங்குக்கு முன்னால் நின்றான். கூடவே போன செண்பகராமனிடம் தன் சந்தேகத்தைக் கேட்டான்.

"டேங்க் உருண்டையால்லா இருக்கு. இதுல முன்னாடி எதுவே?"

செண்பகராமன் டேங்கை மூன்று முறை பயபக்தியோடு சுற்றி வந்தான்.

"குழாய் இருக்கிற பக்கம்தான் மூஞ்சி. மூஞ்சி இருக்கிற பக்கம்தான் முன்னாடி."

"அப்போ மேல இருக்கிற மூடி?"

"அது மண்டை. மண்டை மேல நிக்கணும்னு அண்ணாச்சி சொல்லலையே."

நியாயம்தான். வீரபாகு குழாய்ப் பக்கம் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். மாடியில் வைஃபை எட்டாது. அதனால் விளையாட்டில் கோட்டை வாசலில் அவனுடைய தடியன் கேடயத்தை முதுகில் மாட்டியபடி கல்லாகச் சமைந்துவிட்டான். ஆனைகுளத்தார் அவனைச் சுற்றிக்கொண்டு சாவகாசமாக உள்ளே நுழைந்தார்கள்.

ஐந்து நிமிடத்தில் இருபது பேர் விழுந்தார்கள். விழுந்தவன் போனில் எல்லாம் எழுந்து வருகிற பொத்தான் மினுமினுத்தது. ஒருத்தனாவது தொட வேண்டுமே! ம்ஹும்.

"செத்துட்டியாவே?"

"அப்பவே செத்துட்டேன். நீ?" என்றான் மாடியிலிருந்து இறங்கி வந்த கையோடு செத்துப்போன செண்பகராமன்.

"நானும்தான். நகரலையே?"

"அண்ணாச்சி சொல்லைத் தட்டுவேனா நான்?"

ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "அட கூறுகெட்டவனுகளா! எந்திரிங்கலே! செத்தவன் எல்லாம் எந்திரிங்க!"

செத்தவர்கள் எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். போனை மேசை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். இத்தனை பேர் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது அழகல்ல என்று உயிரோடு இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். ஆனைகுளத்தான் வாழைத்தார் வெட்டுகிற மாதிரி ஒவ்வொருத்தராக வெட்டிக்கொண்டே வந்தான்.

இனி வாசல் தேறாது. மிச்சம் இருக்கிறவர்களைக் கொடிப் பக்கம் இழுத்தால்தான் மீசை தப்பும். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஆவுடையப்பன் கத்தினார்.

"பின்வாங்குங்க! எல்லாரும் பின்வாங்குங்க! சீக்கிரம்!"

ஹாலில் ஆழ்ந்த யோசனை நிலவியது.

"பின் வாங்கணுமாம்."

"என்ன பின்னு?"

"சண்டைக்கு நடுவுல கேக்காருன்னா சார்ஜர் பின்னாத்தான் இருக்கும். பாவம், சார்ஜ் எறங்கியிருக்கும்."

"பழைய பின்னா, சி டைப் பின்னா?"

"எல்லாரும் வாங்கணும்னு சொன்னாருல்லா? ஆளுக்கொண்ணு வாங்குவோம். ஏதாவது ஒண்ணு சேராமலா போயிரும்?"

முப்பத்தெட்டுப் பேரும் படியில் தடதடவென்று இறங்கிக் கடைத்தெருவுக்கு ஓடினார்கள். காலடிச் சத்தம் ஆவுடையப்பன் காதில் விழுந்தது. அப்பாடா, ஒரு தடவையாவது சொன்னதைக் கேட்டானுகளே என்று அவருக்கு மனசு குளிர்ந்தது. குளிர்ந்த மனசோடு கொடிப் பக்கம் திரும்பினார். அங்கே அவர் ஒருத்தர்தான் நின்றார். எதிரே ஆனைகுளத்துப் படை நாற்பது பேர். கொடி போச்சு, கோட்டை போச்சு.

கொஞ்ச நேரத்தில் வேர்க்க விறுவிறுக்க எல்லாரும் வந்து, மேசையில் பின்களைக் குவித்தார்கள்.

"பின் வாங்கியாச்சு அண்ணாச்சி. செல்போன் கடையில சரக்கு தீந்துபோச்சு. கடைசியா வந்தவங்களுக்கு ஹேர்பின்னுதான் கெடைச்சுது."

அதற்குள் குற்றாலிங்கத்தின் போன். "அத்தான், வெள்ளிக்கிழமை மறந்துராதீங்க. மீசையை எடுத்துட்டு வந்துருங்க." கெக்கெக்கென்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

ஆவுடையப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "என் மீசை போச்சேலே" என்று நிஜமாகவே அழுதார். செண்பகராமனுக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணாச்சி, அவரு சொன்னதை அப்படியே சொல்லுங்க."

"மீசையை எடுத்துட்டு வரச் சொல்லுதான்."

"பாயசத்தை எடுத்துட்டு வான்னா என்ன அர்த்தம்?"

"கொண்டு வான்னு அர்த்தம்."

"அப்போ மீசையைக் கொண்டு போனா முடிஞ்சுது! மழிக்கணும்னு யாரு சொன்னா?"

ஆவுடையப்பன் துண்டை விலக்கினார். அட, ஆமாம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, செண்பகராமனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார். ஆனால் தலைவர் அல்லவா? அவருடைய சொந்த மூளை அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியது.

"ஏலே, வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள்லா. ஆனைகுளம் பஸ்சுல எள்ளு விழ எடம் இருக்காது. மூஞ்சியில வச்சுக் கொண்டு போனா நசுங்கிராது?"

முப்பத்தெட்டுப் பேரும் கவலையோடு தலையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காதுகுத்து வீட்டில் ஆவுடையப்பன் நுழைந்ததும் கூட்டமே சிரித்தது. மேலுதடு உரித்த பனங்கிழங்கு மாதிரி வெளுத்திருந்தது. அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். குற்றாலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆவுடையப்பன் அசரவில்லை. அவர்கள் சிரித்து முடிக்கிறவரை பொறுமையாக நின்றார். பிறகு பைக்குள் கைவிட்டு ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்து, மைத்துனன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நல்லாப் பாரு மாப்ளே. மீசையை எடுத்துட்டேன்னுதானே நெனைச்சே? ஏமாந்தியா! எடுக்கலை. எடுத்துட்டு வந்திருக்கேன்!"

பின்னால் நின்ற மன்றத்தார் முப்பத்தொன்பது பேரும் கைதட்டினார்கள். வீரபாகு மட்டும் பாதியில் கைதட்டலை நிறுத்திவிட்டுப் பதறிப்போய் முன்னால் வந்தான்.

"அண்ணாச்சி, சட்டுனு மூடுங்க. மேல ஃபேன் ஓடுது."