சொல்லின் எடை

மாடத்திக்கு இடுப்பு ஒடிந்துவிடும் போல வலித்தது. இருபது வருஷம் அரண்மனை ஆட்டுரலில் குனிந்த இடுப்பு. ராஜா தும்மினால் அதையும் சட்டமாக எழுதிவைத்த காலம் அது. சமையல்காரியின் இடுப்பை யார் கேட்பார்?

வலியோடு வேலைக்குப் போனவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ருசி பார்த்த அகப்பையை நக்கிவிட்டு மறுபடியும் குழம்பில் போடுகிறாள் என்று அமைச்சர் திருமேனி நாலு பேர் காதில் ஓதியிருந்தார். அந்த வேலைக்குத் தன் மைத்துனனைக் கொண்டுவர அவருக்கு ஆசை.

"நக்குனேனா? மணத்துலயே எனக்கு உப்புத் தெரியுமே சாமி!" என்று மாடத்தி கதறினாள்.

அவளுக்காகச் சபையில் பேசியவன் விகடகவி ஒச்சப்பன் ஒருவன்தான். "மகாராஜா, ஒரு பொய் இவள் பிழைப்பைக் கெடுத்துவிட்டது."

அமைச்சர் சிரித்தார். "யாரும் இவளை அடித்தார்களா? வாயிலிருந்து போனது வெறும் காற்று, அரசே. அதற்கு எடை உண்டென்றால் ஒச்சப்பன் நிறுத்துக் காட்டட்டும்."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "நாளை விருந்து முடிவதற்குள் ஒரு சொல்லின் எடையைக் காட்டு. தவறினால் இவளோடு நீயும் கல்லுடைக்கப் போ."

ராஜாவின் பிறந்தநாள் விருந்துக்குப் பாயசம் அமைச்சர் வீட்டிலிருந்து வருவது வழக்கம். மறுநாள் பாயசம் வந்ததும் ஒச்சப்பன் பானையைத் தராசில் ஏற்றினான். பன்னிரண்டு வீசை.

எல்லோரும் இலையில் உட்கார்ந்ததும் உரக்கச் சொன்னான்: "பெரியோர்களே! அமைச்சர் வீட்டுப் பாயசத்தில் பல்லி விழவில்லை. பயப்படாமல் சாப்பிடுங்கள்!"

பந்தியில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

"எந்தப் பல்லி?" என்றார் தளபதி.

"விழாத பல்லிதான், ஐயா."

"டேய், பல்லியே விழவில்லையடா!" அமைச்சர் கத்தினார்.

"அதைத்தானே சாமி நானும் சொல்கிறேன்!"

அமைச்சர் கத்தக் கத்த ஒவ்வொருவராக இலையை மூடினார்கள். பாயச அகப்பை வந்தபோது ராஜாவே இலைக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

பந்தி எழுந்ததும் ஒச்சப்பன் பானையை மறுபடி நிறுத்தான். அதே பன்னிரண்டு வீசை; ஒரு கரண்டிகூடக் குறையவில்லை.

"இதுதான் மகாராஜா ஒரு சொல்லின் எடை. அதுவும் நான் சொன்னது மெய். பொய்யாக இருந்திருந்தால் தராசே முறிந்திருக்கும்!" என்றவன், ஒரு சொம்பு பாயசத்தை மொண்டு மடமடவென்று குடித்தான்.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் மோதிரத்தைக் கழற்றி ஒச்சப்பனுக்குப் போட்டார். மாடத்திக்கு அன்றே வேலை திரும்பியது. "அவளிடம் நேரில் போய் மன்னிப்புக் கேளும்" என்று அமைச்சரிடம் சொன்னார். அமைச்சரும் தலையாட்டினார்.

மாடத்தி ஆட்டுரலுக்குத் திரும்பி அறுவடை ஒன்று ஆகிவிட்டது. அமைச்சர் மடைப்பள்ளிப் பக்கம் வரவில்லை. அவளிடம் அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.