அமாவாசைக்கு இன்னும் ரெண்டு நாள்

எங்கள் சைக்கிள் பந்தயக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பவர் நவநீதம் அக்கா. அன்று காலையில், எல்லார் முன்னாலும், சென்னியப்பன் பேரை அணியிலிருந்து அடித்துவிட்டார். அவன் சும்மா விடுவானா? மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் நாங்கள் தங்கியிருந்த விடுதி வாசலுக்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான்.

முந்தின நாள் கொல்லிமலை இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில், அவன் சைக்கிள் நிற்காமல் போய் முன்னால் போன சபரீஷை இடித்துத் தள்ளியிருந்தது. சபரீஷுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. மாநிலப் போட்டி இந்த வருஷம் அவனுக்கு இல்லை. இடித்தவனுக்கோ ஒரு கீறல்கூடக் கிடையாது. அது வேறு எங்களுக்கு வயிற்றெரிச்சல்.

"நியாயத்தைச் சொல்லுங்கக்கா. வண்டியப் பராமரிக்க ஒரு முறை வெச்சுக்கோங்கன்னு சொன்னது நீங்கதானுங்க?"

"ஆமா."

"வெச்சேன். எங்கப்பா அமாவாசைக்கு அமாவாசை லாரிக்கு எலுமிச்சம்பழம் வெச்சுப் பூஜை போடுவாரு. அன்னிக்கே என் சைக்கிளையும் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டை, டயரு எல்லாம் பார்த்துருவேன். ஒரு அமாவாசை தப்புனதில்லைங்க. இங்க வேற எவன் இப்படிச் செய்யறான்? கேளுங்க!"

"எவனும் செய்யறதில்ல."

கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கே சுருக்கென்றது.

"அப்புறம் என்மேல என்னங்க தப்பு? அமாவாசைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நடுவுல பிரேக் கட்டை தேஞ்சா நான் என்ன கனவா கண்டேன்?"

"உனக்குத் தெரியாது?"

"சத்தியமாத் தெரியாதுங்க!"

அக்கா எழுந்தார். ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். அவன் கையிலிருந்து சைக்கிளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார்.

"எங்கக்கா?"

"அடிவாரத்துக்கு. காரவள்ளியில ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன்."

"இதுலயா?"

"இதுக்கென்ன குறைச்சல்? முறை தவறாமப் பார்த்த வண்டிதானே."

சென்னியப்பன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. அக்கா ஏறி உட்கார்ந்து மிதிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, விளையாடாதீங்க!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் வளைவு கூப்பிடு தூரத்தில் இருந்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் அவன் ஓடினான். ஓடிப்போய் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்து இழுத்தான்.

"வேண்டாங்கக்கா! பிரேக் பிடிக்காது! கட்டை மொத்தமாத் தேஞ்சு இரும்பு உரசுது. போன வாரத்துலேர்ந்தே கிறீச் கிறீச்சுங்குது. வளைவு வந்தாலே எனக்கே குலை நடுங்குதுங்க. சொன்னாக் கேளுங்க, எறங்குங்க!"

அக்கா காலை ஊன்றி நின்றார். கோபத்தில் உதடு துடித்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"நான் போறப்ப அமாவாசை வரைக்கும் உன்னால பொறுக்க முடியல இல்ல? சபரீஷுக்குப் பின்னால போறப்ப மட்டும் எப்படிடா பொறுத்தே?"