நாலு கடிதம், ஒரு வாளி மண்

"இதுல எதை எடுக்கட்டும், மேடம்?"

டெல்பின் நாலு கடிதங்களை மேஜைமேல் வரிசையாக வைத்தாள். இடுப்பில் பதினோரு மாதக் குழந்தை ஜெமிமா, அந்த நாலையும் ஒரே வாயில் போட்டுக்கொள்ளத் தயாராக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலுக்கும் அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு கெடு முடிகிறது. ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட்டு மெயிலில் அனுப்பியாக வேண்டும்.

செண்பகவல்லி மேடம், டெல்பின் படித்து முடித்த வேளாண் கல்லூரியின் மண்ணியல் துறைத் தலைவர். வார்த்தைகளை லேப் தராசில் நிறுத்துப் பேசுகிறவர். ஒருமுறை வாய்மொழித் தேர்வில் ஒரு பையனைக் கேள்வியே கேட்காமல் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பையன் தானாகவே எல்லாத் தப்பையும் ஒப்புக்கொண்டு, "பெயில்தானே மேடம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனானாம்.

"முதலாவது?" என்றார் மேடம்.

"பேங்க். விவசாயக் கடன் ஆபீசர். ஒடிசாவுல போஸ்டிங்."

"அடுத்தது?"

"கவர்மெண்ட். வேளாண்மை அலுவலர். ஜவ்வாது மலை மேல."

"ம்."

"விதைக் கம்பெனி. ஓசூர். சம்பளம் நல்லா இருக்கு, மேடம். ஆனா மாசத்துல இருபது நாள் ஊர் ஊரா வயல் பார்க்கப் போகணும்."

"நாலாவது?"

"இங்கயே பிஎச்.டி. உங்க கிட்டத்தான்."

மேடத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"மாமனார் பேங்க்குதான்னு நிக்கிறாங்க. ஏசி ரூம்ல உக்கார்ந்தே விவசாயம் பார்க்கலாமாம். மாமியாருக்கு கவர்மெண்டுதான் வேணும், ஜீப் வரும்ல. எங்கம்மா பிஎச்.டி. மட்டும் வேண்டாங்கிறாங்க. இப்படியே படிச்சிட்டிருந்தா நீயும் உன் மகளும் ஒரே பெஞ்சுல உக்காருவீங்கன்னு."

"வீட்டுக்காரர்?"

"நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்ங்கிறாரு." டெல்பின் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அதுதான் மேடம் தாங்க முடியல."

மேடம் தலையாட்டினார்.

"சீட்டு எழுதிக்கூடப் போட்டுப் பார்த்தேன், மேடம். குழந்தை இயேசு படத்துக்கு முன்னாடி."

"என்ன வந்துச்சு?"

"நாலு தடவ போட்டேன். நாலு தடவையும் வேற வேற வந்துச்சு."

"முதல் தடவையோட ஏன் நிறுத்தல?"

"நல்லாக் குலுக்கலையோன்னு ஒரு சந்தேகம்."

ஜெமிமா மேஜையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து வாயில் வைத்தாள். டெல்பின் பிடுங்கினாள். பிறகு, கேட்க வந்ததைக் கேட்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு, மேடம். நான் தப்பா ஒண்ண எடுத்துட்டா அது என்னோட போகாது. இவ வளர்ற ஊரு, பேசுற பாஷை, போற ஸ்கூல் எல்லாம் மாறிப் போகும். இருபது வருஷம் கழிச்சு, ஏம்மா என்னைய இங்க கொண்டாந்து வளர்த்தேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

மேடம் எழுந்தார். மூலையிலிருந்த மண்வெட்டியை டெல்பினிடம் கொடுத்தார். குழந்தையைத் தான் வாங்கிக்கொண்டார்.

"தெக்கு வயல்ல உளுந்து போடணும். சோதனைக்கு மண் எடு."

"இப்பவா, மேடம்? மணி மூணே கால்."

"வாளியையும் தார்ப்பாயையும் எடுத்துக்க."

கடிதங்களை டயப்பர் பையில் திணித்துக்கொண்டு டெல்பின் பின்னாலேயே போனாள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. வரப்போரம் ஒரு வேப்பமரம் நின்றது. டெல்பின் அதன் நிழலில் முதல் வெட்டைப் போட்டாள்.

"மரத்துக்கா உளுந்து போடப் போறோம்?" என்றார் மேடம், குடைக்குள்ளிருந்து.

டெல்பின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வரப்பு ஆகாது, நிழல் ஆகாது, எருக் குவித்த இடம் ஆகாது. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்த பாடம். பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவள்.

வெயிலுக்குள் இறங்கினாள். வயல் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் பதினைந்து இடம். ஒவ்வொரு இடத்திலும் அரையடி ஆழத்துக்கு ஒரு குழி. குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரு சீவல். வாளி நிறைந்தது.

தார்ப்பாயை விரித்து அதில் கொட்டிக் கட்டியை உடைத்துக் கலந்தாள்.

"கலந்துட்டேன், மேடம்."

"கல."

கலந்தாள்.

"ஆச்சு, மேடம்."

"கல."

மூன்றாவது தடவை கலந்து முடித்தபோது, கழுத்திலிருந்த சிலுவை டாலர் வரைக்கும் செம்மண் ஏறியிருந்தது.

மண்ணை அப்பளம்போல வட்டமாகப் பரப்பினாள். விரலால் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. நாலு பங்கு. இனி எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு மீதியைக் கலக்க வேண்டும். மறுபடி நாலு பங்கு, மறுபடி இரண்டைத் தள்ள வேண்டும். கடைசியில் அரைக்கிலோ நிற்கும். அந்த அரைக்கிலோதான் வயலுக்காகப் பேசும்.

டெல்பின் கையை நீட்டினாள். கை அப்படியே நின்றது.

"எந்த ரெண்டைத் தள்ளட்டும், மேடம்?"

மேடம் குடையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்.

"ரெண்டாம் வருஷத்துலேர்ந்து செய்றியே. எதைத் தள்ளுவ?"

"கைக்கு வந்ததை. யோசிச்சதே இல்ல."

"இப்ப?"

"யோசிச்சுட்டேனே, மேடம்."

நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த ஓரப் பங்கில் ஒரு வேர்த்துண்டு தெரிந்தது. இந்தப் பங்கு கொஞ்சம் கறுப்போ என்று பட்டது. தன் பக்கத்திலிருந்த பங்கைப் பார்க்க, காரணமே இல்லாமல் பாவமாக இருந்தது. தள்ளிவிட்ட பிறகு அதில்தான் சத்து இருந்தது என்று தெரிந்தால்?

மணி நாலரை தாண்டிவிட்டது.

மேடம் குனிந்து ஜெமிமாவைத் தார்ப்பாயின் ஓரத்தில் இறக்கிவிட்டார்.

ஜெமிமா யோசிக்கவில்லை. நாலு எட்டுத் தவழ்ந்தாள். ஒரு பிடி அள்ளினாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

டெல்பின் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பின. பாய்ந்து குழந்தையைத் தூக்கி, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள்.

"மண்ணைத் தின்னுட்டா, மேடம்!"

"எந்தப் பங்கு?"

"என்னது?"

"எந்தப் பங்குலேர்ந்து எடுத்தா?"

ஆறு வருஷத்தில் டெல்பின் மேடத்திடம் குரலை உயர்த்தியதில்லை. இப்போது உயர்ந்துவிட்டது.

"எந்தப் பங்கா இருந்தா என்ன, மேடம்? மூணு தடவ கலக்க வச்சீங்களே. நாலும் ஒரே மண்ணுதானே? எதுல எடுத்தாலும் அதேதானே இருக்கப் போ..."

வாய் நின்றது. விரல் குழந்தையின் வாய்க்குள்ளேயே இருந்தது. ஜெமிமா அதையும் கடித்துப் பார்த்தாள்.

மேடம் குடையை மடக்கினார்.

டெல்பின் புறங்கையால் எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தார்ப்பாயை விட்டு வெளியே தள்ளினாள். எந்த இரண்டு என்று பார்க்கவில்லை. பிறகு டயப்பர் பைக்குள் கைவிட்டு, அகப்பட்ட கடிதத்தை உருவினாள்.

"பேனா இருக்கா, மேடம்?"

மேடம் பேனாவை நீட்டினார்.

"கையெல்லாம் மண்ணா இருக்கு," என்றார்.

"இருக்கட்டும், மேடம்," என்றாள் டெல்பின்.