ஆணி கடித்த இடம்

"டீச்சர், நேர் பிளேடா, ஸ்பைரலா? ஒரு வார்த்தையில சொல்லுங்க."

கேட்டுவிட்டு, தோளில் சுமந்து வந்த அயனிப் பலகையை ரெஜினா டீச்சரின் மேசைமேல் வைத்தான் கோலப்பன்.

ஐ.டி.ஐ.யில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்ந்தபிறகு, வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு உட்கார்ந்தவர் ரெஜினா டீச்சர். வேலையில் முட்டிக்கொண்டு நிற்கிற ஆட்கள் அங்கே தேடி வருவார்கள். தலை நரைத்தவர்களும் அந்த ஷெட்டுக்குள் நுழைந்தால் மாணவர்கள்தான்.

டீச்சர் அதிகம் பேசமாட்டார். அவர் சொல்வதில் பாதி அங்கேயே புரியும், மீதி வீட்டுக்குப் போனபிறகு புரியும் என்று பழைய மாணவன் செல்வின் சொல்வான்.

அந்தச் செல்வினும் அப்போது அங்கே இருந்தான். தன் இழைப்பு மெஷினுக்குப் புதிதாக ஸ்பைரல் கட்டர் போட்டிருந்தான். உருளையைச் சுற்றி, மாலை கோத்த மாதிரி, சின்னச் சின்னச் சதுரப் பிளேடுகள். நார் எதிர்த்து நிற்கிற மரத்தைக்கூடப் பிய்க்காமல் சீவுமாம். ஒன்று மழுங்கினால் அதை மட்டும் திருப்பி வைத்தால் புது முனை வந்துவிடுமாம். கேட்டவர்களுக்கும் சொன்னான், கேட்காதவர்களுக்கும் சொன்னான்.

"சத்தமே கிடையாது டீச்சர். காதுல பஞ்சு வைக்காமலே வேல பாக்கலாம்."

"நான் பாடம் நடத்தும்போது வச்ச பஞ்ச எடுத்துட்டியா அப்போ?" என்றார் டீச்சர்.

பிறகு கோலப்பனின் பலகையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். நடுவில், ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை, நூலை ஒட்டி வைத்தாற்போல ஒரு கோடு எழும்பி நின்றது.

கோலப்பன் நடந்ததைச் சொன்னான். இடித்த வீடு ஒன்றிலிருந்து வந்த பழைய நிலைக்கட்டை. உள்ளே ஓர் ஆணி ஒளிந்திருந்தது தெரியாமல் மெஷினில் விட்டுவிட்டான். அவன் மெஷினில் பலகை அகலத்துக்கு நீளமான நேர் பிளேடு இரண்டு. ஆணி கடித்த இடத்தில் முனை உடைந்துபோயிற்று. அன்றிலிருந்து எந்தப் பலகையை விட்டாலும் அந்தக் கோடு வருகிறது. சாணை பிடிக்கிறவனோ, இவ்வளவு ஆழத்துக்குத் தேய்த்தால் பிளேடே மிஞ்சாது என்று கையை விரித்துவிட்டான்.

"உமையாள் என்ன சொல்லுதா?"

உமையாள் கோலப்பனின் மனைவி. அவன் முன்னால் நின்று பலகையைத் தள்ளுவான், அவள் பின்னால் நின்று வாங்குவாள். கல்யாணம் ஆன புதிதிலிருந்தே அப்படித்தான்.

"அவளுக்கு நேர் பிளேடே இருக்கணுமாம் டீச்சர். சத்தம் இருக்கட்டும்னு சொல்லுதா."

சத்தம் வேண்டும் என்று கேட்கிற பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று செல்வின் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் சட்டென்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்கிறவன்போல உட்கார்ந்துகொண்டான்.

போன மழைக்காலத்தில் கோலப்பனின் மகள் ஆதிரா போய்விட்டாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேராகத்தான் வந்தார்கள்.

பள்ளிக்கூட வேன் மட்டும் இன்னும் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையனை இறக்கிவிட வந்து ஹாரன் அடிக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கோலப்பன் ஏதாவது ஒரு பலகையை எடுத்து மெஷினைப் போட்டுவிடுவான். உமையாள் ஓடிவந்து பின்னால் நிற்பாள். நேர் பிளேடு போடுகிற கூச்சலில் ஹாரன் அமுங்கிவிடும். கூச்சல் அடங்கும்போது வேனும் போயிருக்கும்.

அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. சோறு, சாம்பார், கரண்ட் பில் என்று பேச்சு நன்றாகத்தான் ஓடும். மகள் பக்கம் திரும்பப்போகிறது என்று தெரிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக நின்றுவிடுவார்கள். அவனுக்கு எங்கே பேச்சு அறுபடுமோ அங்கேதான் அவளுக்கும் அறுபடும்.

இப்போது உமையாள் திருவனந்தபுரத்தில் அண்ணன் வீட்டில் கொஞ்சநாள் இருந்துவிட்டு வருகிறேன் என்கிறாள். கொஞ்சநாள் என்றால் எத்தனை நாள் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பை கட்டி வாசல் பக்கம் வைத்தாயிற்று.

இதையெல்லாம் கோலப்பன் டீச்சரிடம் சொல்லவில்லை. மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

"ஸ்பைரல்னா, அடிபட்டத மட்டும் திருப்பி வச்சா போதுமில்லா டீச்சர். பழையபடி புதுசாயிரும்."

டீச்சர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பிளேடுலயுமா பல்லு போச்சு?"

"ஒரே ஆணிதான டீச்சர். ரெண்டையும் ஒரே இடத்துல கடிச்சிட்டு."

டீச்சர் எழுந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

"வண்டிய எடு."

கோலப்பனின் வீட்டை ஒட்டிய பட்டறைக்குள் போனதும், உமையாள் கொடுத்த சாயாவை டீச்சர் ஓரமாக வைத்தார். மெயின் சுவிட்சை அணைத்தார். உருளையின் மூடியைத் திறந்து, ஒரு பிளேடின் திருகுகளைத் தளர்த்தினார். அதை ஒரு நகக்கண் அளவு பக்கவாட்டில் நகர்த்தினார். உயரம் சரிதானா என்று நேரான கட்டை ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு, திருகுகளை இறுக்கி மூடியைப் போட்டார்.

மற்ற பிளேடைத் தொடவே இல்லை.

"போடு" என்றார்.

கோலப்பன் அதே அயனிப் பலகையைத் தள்ளினான். மெஷின் எப்போதும்போலக் கத்தியது. பின்னால் நின்ற உமையாள் பலகையை வாங்கி உள்ளங்கையால் தடவினாள். மறுபடி தடவினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"பிளேடு மாத்திட்டீங்களா டீச்சர்?"

"இல்லம்மா."

"அப்போ உடஞ்சது?"

"ரெண்டுலயும் அப்படியேதான் இருக்கு."

உமையாளுக்கு விளங்கவில்லை. கோலப்பனும் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, உருளையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் இரண்டு கைகளையும் விரித்து, ஒன்றின் முன்னால் ஒன்றாகப் பிடித்தார். இரண்டிலும் நடுவிரலை மட்டும் மடக்கினார். அந்த இடைவெளி வழியாகக் கோலப்பனுக்கு உமையாளின் கண் தெரிந்தது. அழுது வீங்கியிருந்தது. அவன் அதை இத்தனை நாளும் பார்த்திருக்கவில்லை.

டீச்சர் ஒரு கையை ஒரு விரல் அளவு நகர்த்தினார். அந்தக் கையின் விரல் வந்து மற்றதன் இடைவெளியை மூடிக்கொண்டது.

பிறகு ஆறிப்போன சாயாவை ஒரே மடக்கில் குடித்தார்.

"அப்போ ஸ்பைரல் வேண்டாமா டீச்சர்?" கோலப்பன் வாசல்வரை கூடவே வந்து கேட்டான்.

"கையில காசு இருந்தா வாங்கு. நல்ல சாமான்தான். ஆனா சத்தம் இருக்காது. அத யோசிச்சுக்க."

வாசலில் இருந்த பையைத் தாண்டி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று டீச்சர் நடந்தார்.

வேன் வருகிற நேரம். கோலப்பன் உள்ளே வந்து, பழக்கதோஷத்தில் ஒரு பலகையை எடுத்தான். உமையாளும் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றாள்.

அவன் கை சுவிட்சுக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு கீழே இறங்கியது.

தெருமுனையில் ஹாரன் அடித்தது.

உமையாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கோலப்பனுக்கும் வாய்வரை வந்த பேச்சு வழக்கமான இடத்தில் அறுந்தது. மறுபடி ஹாரன் அடித்தது. மூடாமல் கிடந்த உருளையை அவன் பார்த்தான். இரண்டு பிளேடு. ஒன்று மட்டும் நகக்கண் அளவு தள்ளி நின்றது.

"ஆதிரா" என்றான்.

அந்த வீட்டில் அந்தப் பேர் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. உமையாளின் தோள் அசைந்தது. அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

"காலையில இந்த வேன்காரன் இப்படித்தான் அடிச்சிட்டே இருப்பான். அவ ஷூவ நீட்டிட்டு நிப்பா. அஞ்சாங் கிளாஸ் வந்தும் பிள்ளைக்கு லேஸ் கட்டத் தெரியலியேன்னு நான் ஏசுவேன். கட்டிவிடுவேன்."

வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"அவளுக்குக் கட்டத் தெரியும்" என்றாள் உமையாள், சுவரைப் பார்த்தபடியே.

பிறகு திரும்பினாள்.

"நீங்க குனிஞ்சு கட்டிவிடணும்னுதான் தெரியாத மாதிரி நிப்பா."