தலையில் கட்டின வெளிச்சம்

ஏற்காட்டில் காபித் தோட்டங்களுக்கு நடுவே கோமளா மாஸ்டர் மலைச் சைக்கிள் சொல்லிக்கொடுத்துவந்தாள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அப்படிப்பட்டவளிடம் போய், மலையிலேயே பொறுமை குறைந்தவள் ஒருத்தி சிஷ்யையாகச் சேர்ந்திருந்தாள். பெயர் அமலோற்பவம். மாஸ்டரைவிட மூன்று வயது மூத்தவள். அதை மாதம் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு சாயங்காலம் அவள் ஒரு பையோடு வந்து நின்றாள். பைக்குள் இரண்டு அட்டைப் பெட்டிகள்.

"மாஸ்டர், ஒரே கேள்வி. சுத்தி வளைக்காம சொல்லணும். இருட்டுல மலை இறங்க எந்த லைட் நல்லது? ஹெல்மெட்ல மாட்டுறதா, ஹேண்டில்பார்ல மாட்டுறதா? கடைக்காரன் ரெண்டையும் தலையில கட்டிட்டான். ஒண்ணைத் திருப்பிக் குடுக்கணும்."

மாஸ்டர் ஒரு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"எதைப் பாக்கணும் உங்களுக்கு?"

"பாதையைத்தான். நிலாவையா பாக்கப் போறேன்?"

"கூட யாரு?"

"என் தங்கச்சி செலின்."

செலின் சனிக்கிழமை வருகிறாள். மூன்று நாள் இருப்பாள். அப்புறம் கனடாவுக்கு, மகனோடேயே இருந்துவிடுவதற்கு. கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போனதிலிருந்து அவள் இந்த மலை ஏறியதில்லை. ஊர்ப்பக்கம் வந்தாலும் சேலத்தோடு சரி. "நீ சேலத்துக்கு இறங்கி வாக்கா" என்பாள். போனால் ஓட்டலில் காபி வாங்கிக்கொடுப்பாள், பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரிப்பாள், பஸ் ஏற்றிவிடுவாள். கூடப் பிறந்தவள் இப்படி விருந்தாளியாகிப் போனது ஏன் என்று அமலோற்பவத்துக்கு விளங்கவே இல்லை. கேட்டால் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்லக்கா." அந்த ஒண்ணுமில்லக்காவை இந்த மூன்று நாளில் உடைத்தாக வேண்டும். விட்டால் அது கனடாவுக்குப் போய்விடும்.

"மேல எஸ்டேட் மாதா கோயில்லேர்ந்து எங்க குவார்ட்டர்ஸ் வரைக்கும் ஒரு இறக்கம் இருக்கு மாஸ்டர். ஜெபமாலை முடிஞ்சதும் அப்பா சைக்கிளை எடுத்துட்டுக் கிளம்புவோம். நான் ஓட்டுவேன், அவ பின்னாடி கேரியர்ல. டார்ச்சை ஸ்கூல் ரிப்பனால என் தலையில கட்டிக்குவேன். கான்வென்ட் மதர் பாத்திருந்தா முட்டி போட வெச்சிருப்பாங்க. காபி பூத்திருக்கிற நாள்ல அந்த வாசனை இருக்கே! கான்வென்ட்ல சொல்லிக்குடுத்த பாட்டையெல்லாம் தொண்டை கிழியப் பாடிக்கிட்டே இறங்குவோம். மலையே எங்களுதுதான். அந்த மாதிரி நாள் இனிமே வருமா?"

"வரும்னு நினைக்கறீங்க."

"ஏன் வராது? அவளும் பெங்களூர்ல தினம் சைக்கிள் ஓட்டறவதான். அதே பாதையில ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போனா போதும், எல்லாம் சரியாயிடும். ஆனா போன்ல சொன்னா, 'அந்தப் பாதை மட்டும் வேணாம்க்கா'ங்கறா. சின்னதுலேர்ந்தே பயந்தாங்கொள்ளி. நல்ல லைட்டா இருந்தா பயம் போயிடும். அதான் கேக்கறேன், எது?"

"இருட்டட்டும்."

இருட்டுவதற்குள் அமலோற்பவம் கொட்டகையைச் சுற்றி நடந்தாள், வாட்சைப் பார்த்தாள், சூரியனைத் திட்டினாள். ஒருவழியாக மரங்களின் அடியில் கறுப்பு இறங்கியது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு சின்னச் சரிவு உண்டு. மாஸ்டர் அங்கே அவளைக் கூட்டிப்போய், ஒரு பெட்டியைப் பிரித்து, விளக்கை ஹெல்மெட்டில் மாட்டிவிட்டாள்.

"எப்படி இருக்கு?"

"பட்டப்பகல்!"

உண்மைதான். அவள் தலை திரும்பிய பக்கமெல்லாம் வெளிச்சமும் திரும்பியது. கல்லும் சருகும் பளிச்சென்று இருந்தன. பாதை, கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட மேஜைவிரிப்பு மாதிரி கீழே வரைக்கும் விரிந்து கிடந்தது.

"இதுதான் மாஸ்டர்! அந்தக் காலத்துல எனக்கு இப்படித்தான் தெரியும். அப்படியே இருக்கு!"

"இறங்குங்க."

இறங்கினாள். பாதி தூரத்தில், மேஜைவிரிப்பின் நடுவில், முன் சக்கரம் சட்டென்று உள்ளே போயிற்று. அமலோற்பவம் காபிச் செடியோடு செடியாகக் கிடந்தாள்.

"யாரு குழி வெட்டினது இங்க?" படுத்தபடியே கத்தினாள். "இப்ப பாத்தேனே, இல்லையே!"

மாஸ்டர் மெதுவாக இறங்கி வந்து கை கொடுத்து எழுப்பினாள். முட்டி சிராய்த்திருந்தது. அவள் தலையிலிருந்த விளக்கை அணைத்தாள். இன்னொரு பெட்டியைப் பிரித்து, அதிலிருந்ததை ஹேண்டில்பாரில் மாட்டினாள்.

"மறுபடியும் மேலேர்ந்து."

"அடுத்த முட்டிக்கும் ஆசையா உங்களுக்கு?"

"மெதுவா வாங்க."

இந்தத் தடவை அமலோற்பவத்துக்குப் பாதை பிடிக்கவே இல்லை. அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் நீளமாக ஒரு நிழல். ஒவ்வொரு குழியின் வாயிலும் கறுப்பு. விழுந்த குழி தூரத்திலேயே தெரிந்தது, கிணறு மாதிரி. சுற்றிக்கொண்டு வந்து கீழே காலை ஊன்றினாள்.

"இத்தனை குழியா? இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு?"

"அங்கேயேதான்."

"அப்ப ஏன் தெரியல?"

"தலையில கட்டினா, உங்க கண்ணு இருக்கிற இடத்துலேயே வெளிச்சமும் இருக்கு. நிழல் கல்லுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும், உங்களுக்குக் காட்டாது. லைட்டைக் கீழே இறக்கினா, கண்ணு ஒரு இடம், வெளிச்சம் ஒரு இடம். அப்பதான் நிழல் தெரியும். நிழல் தெரிஞ்சா குழி தெரியும்."

"அப்ப ஹெல்மெட் லைட்டைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"வேணாம். வளைவு வந்தா ஹேண்டில்பார் நேரா மரத்தைத்தான் காட்டும். திரும்பிப் பாக்கத் தலையில ஒண்ணு வேணும். ரெண்டும் வெச்சுக்குங்க."

"இதை மொதல்லயே வாயால சொல்லியிருந்தா என் முட்டி பிழைச்சிருக்கும்."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்க. பாத்திருக்க மாட்டீங்க."

கொட்டகைக்குத் திரும்பினார்கள். மாஸ்டர் முட்டிக்கு மருந்து போட்டுவிட்டு, பிளாஸ்கிலிருந்து கடுங்காபி ஊற்றிக்கொடுத்தாள். சூடு உள்ளே போனதும் அமலோற்பவத்துக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது.

"விழுந்ததுன்னதும் ஞாபகம் வருது மாஸ்டர். இதைக் கேட்டா சிரிச்சே செத்துடுவீங்க. ஒருநாள் நல்லாப் பாடிக்கிட்டே இறங்கி, வீட்டு வாசல்ல சைக்கிளை நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்கறேன், கேரியர் காலி! ஆளையே காணோம்! வழியில எங்கயோ ஒரு குழியில எகிறி விழுந்திருக்கா, பாட்டுச் சத்தத்துல எனக்குத் தெரியவே இல்ல. அப்பா வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிக்கறார். 'என்னடி, சரக்கைத் தவறவிட்டுட்டு வந்திருக்கே'ங்கறார். எங்க வீட்ல கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் இந்தக் கதையைச் சொல்லாம கேக் வெட்ட மாட்டோம்."

மாஸ்டர் சிரிக்கவில்லை.

"அவங்களுக்கு அப்ப என்ன வயசு?"

"எட்டு இருக்கும்."

"டார்ச்?"

"என் தலையிலதான். நான்தானே ஓட்டினேன்?"

"தேடிப் போனீங்களா?"

"போகலாம்னுதான்... அப்பாதான், 'இருக்கிறது ஒரே வழி, வந்துடுவா'ன்னார்."

"வந்தாங்களா?"

"வந்தா. நாங்க சாப்பிட உக்காந்துட்டோம், அப்பதான் வந்தா." அமலோற்பவம் கப்பைக் கீழே வைத்தாள். "வந்ததும் எல்லாரும் ஒரே சிரிப்பு."

"எல்லாரும்?"

"நானு, அப்பா, அம்மா..."

அடுத்த பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

எத்தனையோ கிறிஸ்மஸுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அதில் அப்பாவின் சிரிப்பு இருக்கும், காலிக் கேரியர் இருக்கும், காபிப்பூ வாசனைகூட இருக்கும். கதவைத் திறந்துகொண்டு செலின் வருகிற இடத்தில் கதை முடிந்துவிடும். அப்படி வந்தவளின் முகத்தைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. இப்போதுதான் அது மெல்ல மேலே வந்தது. கையில் ஒற்றைச் செருப்பு. கன்னத்தில் மண். அழவில்லை. யாரையும் பார்க்கவுமில்லை. உதடு மட்டும் விடாமல் அசைந்துகொண்டிருந்தது. 'அருள் நிறைந்த மரியே'. விழுந்த இடத்திலிருந்து வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே நடந்தவளுக்கு, வீடு வந்துவிட்டது என்பதுகூடத் தெரியாத மாதிரி.

சாப்பிட வா என்று கூப்பிட்டது யார்? யாராவது கூப்பிட்டார்களா?

வெளியே ராப்பூச்சிகள் கத்தத் தொடங்கியிருந்தன. அமலோற்பவம் வாட்சைப் பார்க்கவில்லை, எதையும் திட்டவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

"அந்தப் பாதைக்கு அவளைக் கூப்பிடக் கூடாது, இல்ல?" என்றாள்.

"அவங்கதான் வேணாம்னு சொல்லிட்டாங்களே."

"அப்ப நான் என்னதான் பண்ணட்டும் மாஸ்டர்? மூணே நாள்தான் இருப்பா."

"அவங்க வர்றதுக்கு முன்னாடி, நீங்க மட்டும் ஒரு தடவை அந்தப் பாதையில இறங்குங்க. சைக்கிள் வேணாம், நடந்து."

அமலோற்பவம் மேஜைமேல் கிடந்த இரண்டு விளக்குகளையும் பார்த்தாள்.

"எந்த லைட்டோட?"

"அவங்க இறங்கின லைட்டோட."