பொன்னம்பலவாணர் சந்தையைக் கலக்கிய கணக்கு

புள்ளியியலைப் பாமரருக்கும் புரியும்படி எழுதுகிறவர் என்று கொட்டாம்பாளையத்தில் பெயர் வாங்கியவர் பொன்னம்பலவாணர். அந்தப் பெயரைக் கொடுத்தவரும் அவரேதான். அவருக்கு மூன்று சீடர்கள். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்று; அது அன்றைக்கு யாரிடம் இருக்கிறதென்று அவர்களுக்கே தெரியாது.

முதல் புத்தகம் வந்து ஏழு வருஷம் ஆயிற்று. "ஊர்ல பத்துக்கு ஒருத்தராவது அதைப் படிச்சிருந்தாத்தான் ரெண்டாவதைப் போடுவேன்" என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வாணருக்குச் சோறு இறங்கவில்லை. வெளியீட்டு விழாவுக்குப் பொன்னாடைகூட வாங்கி வைத்துவிட்டார், பாவம்.

"ஊர் முழுக்கக் கேக்க வேணாம்டா. என் புத்தகத்துல இருக்கிறபடி நல்லாக் கலக்கணும், கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுக்கணும். எடுத்ததை மாத்தக் கூடாது" என்றார்.

நால்வரும் செவ்வாய்ச் சந்தைக்குப் போனார்கள்.

"இத்தனை பேரை எதை வச்சுக் கலக்கறது? கரண்டி பத்தாதே" என்று கவலைப்பட்டான் குழந்தைவேலு.

சாத்தப்பன் யோசித்தான். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினான்: "காளை அவுத்துக்கிச்சு!"

தக்காளி உருண்டது, கூடை பறந்தது, சந்தையே காலியாயிற்று.

"அருமையாக் கலந்திருக்கு. எடு" என்று பூரித்தார் வாணர்.

சாத்தப்பன் கண்ணை மூடிப் புழுதியில் துழாவினான். கையில் ஒரு கொம்பு சிக்கியது. கம்பத்தில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் நின்ற காளை அது.

"இது ஆள் இல்லையே" என்றான் மூக்கையா.

"எடுத்ததை மாத்தக் கூடாதுன்னு ஐயா சொன்னாரில்ல?" என்றான் சாத்தப்பன்.

குழந்தைவேலு பணிவாகக் காளையிடம் புத்தகத்தை நீட்டி, "ஐயா இதைப் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். காளை அட்டையில் ஆரம்பித்துக் கடைசிப் பக்கம்வரை தின்று தீர்த்தது. வாணர் கண் கலங்கிவிட்டார். அவர் சம்சாரமே நாலாம் பக்கத்தைத் தாண்டியதில்லை.

"கேட்டது ஒருவர். முடித்தது ஒருவர். நூற்றுக்கு நூறு" என்று அறிக்கை போயிற்று. பதிப்பாளர் இரண்டாவது புத்தகத்தை உடனே அச்சடித்தார்.

வெளியீட்டு விழாவில் முதல் பிரதி பெற மேடையேறியது காளைதான். பொன்னாடையைப் போர்த்தினார்கள், அதைத் தின்றது. புத்தகத்தை நீட்டினார்கள், முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

மண்டபம் நிறைய ஆட்கள். பதிப்பாளர் முகம் கறுத்தது. மூக்கையா நோட்டில் எழுதினான்: "நூற்றுக்குப் பூஜ்யம்."

வாணருக்கு உயிரே போய்விட்டது. ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தார். பிறகு முகம் தெளிந்து சீடர்கள் பக்கம் திரும்பினார்.

"அட மடையனுங்களா! கலக்காம எடுத்துட்டீங்களேடா!"

மூவரும் மேடையில் வரிசையாக நின்று, அடிவயிற்றிலிருந்து கத்த மூச்சை இழுத்து, வாயைத் திறந்தார்கள்.