வர்ற வயர், போற வயர்

எஸ்தருக்கு முப்பத்திமூன்று வயது. அவளிடம் வயரிங் வேலை படிக்கும் சங்கரலிங்கத்துக்கு ஐம்பத்திநாலு. வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் மூடிய பிறகு வந்து சேர்ந்தவர். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இதில் குரு யார், சீடர் யார் என்று தெருவில் போகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. ஏணியில் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏறுகிறவர் சீடர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சங்கரலிங்கம் அவள் கடைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டாள் எஸ்தர். அவர் உட்காரவில்லை.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"சுவிட்சை அணைச்சுட்டுத் தொட்டா கரண்ட் அடிக்குமா?"

எஸ்தர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள். அவர் எந்த வீட்டைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

மேலத் தெரு முப்பிடாதி, வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். ஒற்றை டியூப் லைட் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்றாள். போன மாதம் அந்த டியூப் லைட் லைனிலிருந்தே இழுத்து, தையல் மிஷினுக்கு மேலே மூன்று பல்பு போட்டுக் கொடுத்தார் சங்கரலிங்கம். ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்று எரியவில்லை. அவள் புருஷன் இசக்கிமுத்து இரும்பு ஸ்டூலைப் போட்டு ஏறினான். கழற்றும்போது கண்ணாடி மட்டும் கையோடு வந்துவிட்டது. ஹோல்டரில் மாட்டிக்கொண்ட பித்தளை மூடியை விரலை விட்டுத் திருகினான். அவ்வளவுதான். நேற்றுத்தான் அவனைச் சுடுகாட்டுக்கு எடுத்தார்கள்.

"அணைச்சுட்டேன்னு அந்தப் புள்ள சொல்லுது" என்றார் சங்கரலிங்கம். "அணைக்கலைன்னு அது மாமியா சொல்லுதா. தெருவே அதைத்தான் பேசுது. ஏம் மாஸ்டர், அணைச்சிருந்தா எப்படி அடிக்கும்? அந்தப் புள்ள மறந்திருக்கும், என்ன?"

எஸ்தர் சுவரில் மாட்டியிருந்த பலகையை எடுத்தாள். அதில் ஒரு பல்பும் ஒரு சுவிட்சும் இருந்தன. பின்பக்கம் இரண்டு வயரைக் கழற்றி மாற்றி மாட்டினாள். பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டாள். எரிந்தது. அணைத்தாள். அணைந்தது. பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரை அவர் முன்னால் நீட்டினாள்.

"விரலை விடுங்க."

அவர் கையை நீட்டினார். பாதியில் நின்றது கை.

"என்ன அண்ணாச்சி? அணைஞ்சுதானே இருக்கு."

கையை இழுத்துக்கொண்டார். அவள் டெஸ்டரைக் கொடுத்தாள். அவர் ஹோல்டருக்குள் வைத்தார். கரண்ட் இருக்கிறது என்று டெஸ்டருக்குள் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

"கரண்ட் வர்ற வயர்ல போட வேண்டிய சுவிட்சை, திரும்பிப் போற வயர்ல போட்டிருக்கேன்" என்றாள் எஸ்தர். "லைட் அணைஞ்சுரும். கரண்ட் மட்டும் ஹோல்டர்ல வந்து உக்காந்துருக்கும்."

"நான் சிவப்புலதான் சுவிட்ச் போட்டேன் மாஸ்டர். சிவப்பு வர்றது, கறுப்பு போறது. நீங்க சொல்லித் தந்ததுதானே."

"டெஸ்டர் வெச்சுப் பாத்தீகளா?"

"பழைய லைனு... பத்து வருசமா டியூப் லைட் எரியுது. முந்திப் போட்டவன் சிவப்பு, கறுப்பைச் சரியாத்தான் போட்டிருப்பான்னு..."

எஸ்தர் ஏணியை எடுத்தாள்.

"துக்க வீட்டுக்கா மாஸ்டர்? இன்னிக்கேவா?"

"இன்னும் ரெண்டு பல்பு தொங்குது அண்ணாச்சி."

மேலத் தெருவில் வாசலிலேயே மாமியார் உட்கார்ந்திருந்தாள். ஏணியைப் பார்த்ததும் அவள் முகம் கடுகடுத்தது.

"லைட்டை அணைக்கத் தெரியாதவளுக்கு இனி லைட்டு எதுக்கு? கழத்திட்டுப் போங்க."

உள்ளே முப்பிடாதி தையல் மிஷின் பக்கத்தில் தரையில் இருந்தாள்.

"ஏறுறதுக்கு முன்னால கேட்டாரு. அணைச்சுட்டியான்னு கேட்டாரு. ஆமான்னு சொன்னேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அணைச்சேன்னுதான் நினைக்கேன்" என்றாள்.

நேற்றுவரை அவள் 'நினைக்கேன்' என்று சொல்லவில்லை.

எஸ்தர் ஏணியைச் சாத்திப் பிடித்துக்கொண்டாள். சங்கரலிங்கம் ஏறினார்.

"முப்பிடாதி, நீயே சுவிட்சைப் போடும்மா."

அவள் எழுந்து போய்ப் போட்டாள். இரண்டு பல்பும் எரிந்தன.

"அணை."

அணைந்தன.

சங்கரலிங்கம் ஒரு பல்பைக் கழற்றி டெஸ்டரை வைத்தார். சிவப்பாக எரிந்தது. அவர் குனிந்து மாஸ்டரைப் பார்த்தார். ஏதாவது சொல்லமாட்டாளா என்று பார்த்தார். எஸ்தர் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தபடி அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயி" என்றார் மேலே இருந்தபடியே. "சுவிட்ச் அணைஞ்சிருக்கு. ஆனா இங்க கரண்ட் இருக்கு. நான் போட்டது தப்பு. நீ அன்னிக்கு அணைச்சுட்டே. நீ அணைச்சுட்டேம்மா."

மாமியார் வாசலிலிருந்து எழுந்து வந்தாள். ஏணியில் நின்ற அவர் காலில் அடித்தாள். இரண்டு கையாலும் அடித்தாள். "எம் புள்ள, எம் புள்ள" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னாள். அவர் காலை எடுக்கவில்லை. எஸ்தர் ஏணியை விடவில்லை.

முப்பிடாதி சுவிட்ச் பக்கத்திலேயே நின்றாள். போட்டாள். மீதி ஒரு பல்பு எரிந்தது. அணைத்தாள். மறுபடி போட்டாள். மறுபடி அணைத்தாள். ஒவ்வொரு தடவையும் அது அணைந்தது.

"அணைச்சேன்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

பியூஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டு, எல்லா வயரையும் பிரித்து, வர்றதை வர்றதாகவும் போறதைப் போறதாகவும் மாற்றிக் கட்டினார்கள். டெஸ்டர் வைத்து அவர் ஒரு தடவை பார்த்தார். அவள் ஒரு தடவை பார்த்தாள். யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

இரண்டு பேரும் ஏணியோடு தெருமுனைக்கு வந்தார்கள். பைப்படி பக்கத்தில் சங்கரலிங்கம் நின்றார்.

"யார் தப்பு மாஸ்டர்? முந்திப் போட்டவனா, நானா?"

"அவர் சரியாப் போட்டிருப்பார்னு நீங்க நினைச்சீக."

"ஆமா."

"நீங்க வேலை முடிச்ச அன்னிக்கு நான் வந்தேன். சுவிட்சைத் தட்டினேன், எரிஞ்சது. வயசுல மூத்தவர் முன்னால டெஸ்டரை எடுக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அண்ணாச்சி சரியாத்தான் போட்டிருப்பார்னு நான் நினைச்சேன்."

அவர் ஏணியைத் தரையில் வைத்தார்.

"கேட்டுட்டு ஏறினது இசக்கி ஒருத்தர்தான்" என்றாள் எஸ்தர்.

பைப்பில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் அவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"ஸ்டேஷனுக்குப் போறேன் மாஸ்டர். நடந்ததைச் சொல்லிருதேன்."

"ரெண்டு பேருமாப் போவோம். அதுக்கு முன்னால சொல்லுங்க. பழைய லைன்லருந்து எத்தனை வீட்டுக்கு லைட் இழுத்துக் குடுத்திருக்கீக?"

அவர் விரல்விட்டு எண்ணினார். "இதைத் தள்ளிப் பதினொண்ணு."

"அதுல நான் டெஸ்டர் வெச்சுப் பாத்தது எத்தனை?"

எண்ணிய விரல்களை மடக்கிக்கொண்டார்.

"எனக்கு இனி ஏணில ஏறத் தகுதி இருக்கா மாஸ்டர்?"

எஸ்தர் ஏணியின் முன்முனையைத் தூக்கித் தோளில் வைத்தாள்.

"பின்னால பிடிங்க அண்ணாச்சி. முதல்ல அந்தப் பதினோரு வீடு, அப்புறம் ஸ்டேஷன். பொழுது அடைஞ்சா எல்லாரும் லைட்டைப் போடுவாக. எந்த வீட்டுலயாவது ஒண்ணு எரியாது. அணைச்சுட்டு ஸ்டூல் போட்டு ஏறுவாக."